பத்துப்பாத்திரமும் டிஷ்வாஷரும்: உப்புத்தண்ணீர் வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்து, சாம்பார் பொடி பட்டாலே எரிச்சல் தாங்காமல் கையை உதறிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்குச் சோப்பும் ஸ்க்ரப்பரும் தொடவே கூடாது என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்கு டிஷ்வாஷர் வந்தது அப்படித்தான்.

வந்த முதல் மாதம் ஏமாற்றம். எவர்சில்வர் டம்ளரில் எல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. சோப்புத்தூள் போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டினேன். வெள்ளை இன்னும் கூடியது. குக்கர் பாத்திரத்தின் அடியில் பருப்பு அப்படியே இருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதையெடுத்துத் திரும்பத் தேய்க்க உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று முடிவு செய்தேன்.

கற்றதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாத்திரம் சரியாக வராததற்குப் பெரும்பாலும் சோப்பு காரணமில்லை. ஒன்று, தண்ணீர், இல்லாவிட்டால் உள்ளே வைப்பதற்கு முன் நாம் செய்தது, அல்லது செய்யாமல் விட்டது. ஆகவே இந்த வழிகாட்டியில் சோப்புத்தூள் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

மெஷின் எப்படிக் கழுவுகிறது

கையால் தேய்க்கும்போது வேலையைச் செய்வது உரசல். மெஷினுக்குள் உரசல் கிடையாது. சூடான தண்ணீர், காரமான சோப்பு, வேகமாகப் பீய்ச்சும் தாரை, நீண்ட நேரம் ஆகிய நான்கும் சேர்ந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. தண்ணீரும் மின்சாரமும் குறைவாக எடுக்கும் ஈகோ ப்ரோகிராமில் ஏறத்தாழ பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு குடும்பத்தின் முழுநாள் பாத்திரமும் கழுவப்படுகிறது. அடியில் தேங்கும் தண்ணீரையே பம்ப் திரும்பத் திரும்ப எடுத்து, சுழலும் கைகளின் துளைகள் வழியாகப் பீய்ச்சுவதால் அவ்வளவு குறைவாக முடிகிறது. ஒரு கட்டம் முடிந்ததும் அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுக்கும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். தட்டில் ஒட்டியிருக்கும் கடுகும் கறிவேப்பிலையும் அந்தச் சுற்றும் தண்ணீரில்தான் கலக்கும். ஃபில்டர் பிடித்ததுபோக மிஞ்சியது இன்னொரு டம்ளருக்குள் போய் உட்காரும்.

இந்தத் தத்துவம் பழையது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886 டிசம்பர் 28 அன்று தன் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். தட்டு, கிண்ணம், சாசர் ஒவ்வொன்றையும் அளந்து, அதனதன் அளவுக்குக் கம்பிக் கூடு செய்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவவைத்தார். பாத்திரத்தை அதற்குரிய இடத்தில் அசையாமல் நிறுத்தினால் தண்ணீர் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர் கண்டுகொண்டது. இன்றைய மெஷினுக்குள் பாத்திரம் அடுக்கும் கம்பித் தட்டான ராக்கும் அதே யோசனைதான்.

முதல் வேலை: உங்கள் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

சென்னையில் பல அடுக்குமாடிகளில் ஒரே தொட்டியில் மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர் எல்லாம் கலக்கும். நாம் ‘உப்புத்தண்ணி’ என்று சொல்வதில் டிஷ்வாஷருக்கு எதிரி, அதிலிருக்கும் கால்சியமும் மக்னீசியமும். சூடாகும்போது இவை வெள்ளைப் படிவாகப் பாத்திரத்திலும் ஹீட்டரிலும் படிகின்றன. வெந்நீர் பாத்திரத்தின் உள்ளே படிகிறதே, அதே காரை.

தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு சர்வீஸ் செய்ய வருபவர் டிடிஎஸ் மீட்டரை விட்டு ஓர் எண் சொல்வார். அது கரைந்திருக்கும் எல்லா உப்புக்களின் மொத்தம். நமக்கு வேண்டியது கடினத்தன்மை மட்டும். அது வேறு அளவு. மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கடினத்தன்மை பார்க்கும் சொட்டு மருந்துக் கிட்டும், நனைத்துப் பார்க்கும் பட்டையும் கிடைக்கும். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தும் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500), கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. அதையும் தாண்டிய போர் தண்ணீர் உண்டு.

டிஷ்வாஷரின் கையேட்டில் கடினத்தன்மை ஜெர்மன் டிகிரியில் இருக்கலாம். 1 டிகிரி என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம். உங்கள் கிட் 500 காட்டினால் அது 28 டிகிரி. கையேட்டில் அதற்கு நேராக உள்ள எண்ணை மெஷினில் அமைக்கவேண்டும். கடையிலிருந்து வந்தபடியே விட்டுவிடாதீர்கள். உங்கள் தொட்டிக்கு வரும் தண்ணீர்களில் எது மோசமோ அதற்கு ஏற்ப வையுங்கள். லாரித் தண்ணீர் தொடங்கும் மாதத்தில் ஒருமுறை திரும்பச் சோதியுங்கள். பல மெஷின்கள் 50 டிகிரி, அதாவது 890 மில்லிகிராம் அளவு வரைதான் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் தண்ணீர் நுழையும் குழாயிலேயே கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் ஒன்றைத் தனியாக வைக்கவேண்டும்.

உப்புத்தண்ணீரைச் சரிசெய்ய மெஷினுக்குள்ளேயே உப்பு போடச் சொல்கிறார்களே என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மெஷினின் அடியில் ரெசின் மணிகள் உள்ள ஓர் அறை இருக்கிறது. அந்த மணிகள் தண்ணீரிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. கொஞ்ச நாளில் மணிகள் கால்சியத்தால் நிறைந்துவிடும். அப்போது கெட்டியான உப்புக் கரைசலால் கழுவினால் கால்சியம் கழன்று வெளியேறி, மணிகள் மறுபடி வேலைக்குத் தயாராகும். அந்தக் கழுவலுக்குத்தான் உப்பு. பாத்திரத்தின்மேல் அது படாது.

முதல்முறை உப்பறையில் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, பிறகு கூடவே வரும் புனலால் அறை நிறையும்வரை உப்பு கொட்டவேண்டும். அதன்பின் தண்ணீர் வேண்டாம், உப்பு மட்டும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் பருமனான உப்புதான் வேண்டும். சமையல் தூளுப்பில் அயோடினும், கட்டி தட்டாமலிருக்கச் சேர்த்த பொருளும் இருக்கும்; அவை ரெசினுக்கு ஆகாது. கல்லுப்பில் மண்ணும் பிற தாதுக்களும் வரும், அதுவும் வேண்டாம். உப்பு நிரப்பிய உடனே ஒரு கழுவல் ஓடவிடுங்கள். சிந்திய உப்புநீர் உள்ளே தேங்கினால் எவர்சில்வர் தரையையும் அரிக்கும்.

தண்ணீரின் அழுத்தம் இன்னொரு சங்கதி. மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மாடி வீட்டில் அழுத்தம் போதாமல் மெஷின் பிழை காட்டி நிற்கலாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) என்பது கணக்கு. கையேட்டில் குறைந்தது 0.5 பார் என்றிருந்தால் தொட்டி ஐந்து மீட்டராவது மேலே இருக்கவேண்டும், இல்லையென்றால் சின்ன பிரஷர் பம்ப் வேண்டும். வாங்குவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். 16 ஆம்பியர் பிளக் பாயிண்டும் தனியாக இருக்கட்டும்.

உள்ளே போகக்கூடாதவை

எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி, வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் தாராளமாகப் போகலாம். மற்றதில் கவனம் வேண்டும்.

அலுமினியத்தை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள். பழைய இட்லித் தட்டு, அலுமினியக் குக்கர், இட்லிக் கொப்பரை எல்லாம் ஒரே கழுவலில் கறுத்துவிடும். சோப்பின் காரம் அலுமினியத்தைத் தின்னும். ஹார்டு அனோடைஸ்டு என்று விற்கும் கறுப்புக் கடாய்க்கும் மேல்பூச்சு நாளடைவில் போய்விடும். வீட்டில் இட்லித் தட்டை எவர்சில்வருக்கு மாற்றியது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

தோசைக்கல், பணியாரக்கல், இரும்புச் சட்டி: எண்ணெய் ஊறிப் பழகிய அந்தப் படலத்தை உரித்தெடுப்பதுதான் மெஷினின் வேலையே. கழுவி எடுத்தால் துருவேறிய வெறும் இரும்புதான் கையில் வரும். பித்தளை, செம்பு, வெண்கல உருளி மங்கிப்போகும். ஈயச்சொம்பை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். அது மென்மையான உலோகம், பாட்டி காலத்துச் சொத்தாகவும் இருக்கும். மண்சட்டியும் கல்சட்டியும் சோப்பை உறிஞ்சிவைத்துக்கொண்டு, அடுத்த வத்தக்குழம்பில் அதைத் திருப்பிக் கொடுக்கும். மரக்கரண்டியும் மத்தும் வெடிக்கும். மிக்ஸி ஜாரின் அடியிலுள்ள பேரிங்குக்குள் தண்ணீர் புகுந்தால் ஜார் வீண். மூடியை மட்டும் வைக்கலாம். குக்கரின் ரப்பர் கேஸ்கெட், விசில் இரண்டையும் கையால் கழுவுங்கள். விசில் போகும் துளையில் ஏதும் அடைத்திருக்கிறதா என்பதை எப்படியும் கண்ணால் பார்த்தாகவேண்டும்.

குடம், வாய் குறுகிய சொம்பு போன்றவை கெட்டுப்போகாது. ஆனால் தாரை உள்ளே ஏறாது. அழுக்கு அப்படியே இருக்கும்.

பாத்திரங்களைத் தயார் செய்வது

இங்கேதான் இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. ஒன்று, சாப்பிட்ட தட்டை அப்படியே கொண்டுபோய் வைப்பது. இன்னொன்று, பயந்துபோய் சோப்பு போட்டு முக்கால்வாசி தேய்த்துவிட்டு வைப்பது. இரண்டாவதில் நேரமும் தண்ணீரும் வீண். அதைவிட முக்கியம், கையால் கழுவும் திரவச் சோப்பு பாத்திரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்தால்கூட மெஷினுக்குள் நுரை கிளம்பும். அழுக்கின் அளவைச் சென்சாரால் கண்டு நேரத்தை முடிவு செய்யும் மெஷின்களும் உண்டு. முக்கால்வாசி கழுவிவைத்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று அது சீக்கிரம் முடித்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் அந்தக் கால்வாசி போகாது.

செய்யவேண்டியது வழித்துவிடுவது. சிங்க் பக்கத்தில் ஒரு சிலிக்கான் ஸ்பாட்டுலா வைத்துக்கொண்டால் ஒரு தட்டுக்கு ஐந்து விநாடி. குப்பைக்குப் போகவேண்டியவை கறிவேப்பிலை, கடுகு, புளிச்சக்கை, தேங்காய்த் துருவல், மிளகாய்க் காம்பு, எலும்பு, மீன் முள். முருங்கைக்காய்ச் சக்கையை ஒரு நார் விடாமல் எடுத்துவிடுங்கள். அந்த நார் ஃபில்டரைத் தாண்டினால் பம்பின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். எங்கள் வீட்டில் மெஷின் நின்றுபோன ஒரே தடவை அதனால்தான்.

மாவு, பால், பருப்பு, நெய் ஆகிய நான்கும் தனியாகச் சொல்லவேண்டியவை.

அரிசி மாவு ஒட்டிய பாத்திரத்தில் முதலில் வெந்நீர் ஊற்றாதீர்கள். மாவு அங்கேயே வெந்து கூழாகிப் பசைபோல ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டினால் போதும். இட்லி எடுத்த தட்டில் மாவு ஏற்கெனவே வெந்திருக்கிறது. அது காய்வதற்கு முன் தண்ணீருக்குள் போட்டுவிடவேண்டும். காலை ஏழு மணிக்கு இட்லி எடுத்துவிட்டு இரவு பத்து மணிக்கு மெஷின் போடுகிறவர்கள், நடுவிலிருக்கும் அந்தப் பதினைந்து மணி நேரத்தை நினைவில் வைக்கவேண்டும். குழிக்குழியான தட்டில் காய்ந்த மாவை எந்த மெஷினும் எடுக்காது.

பால் பாத்திரமும் அப்படித்தான். சூடு பட்டால் பாலின் புரதம் இறுகும், ஆகவே பச்சைத் தண்ணீர்தான். அடிப்பிடித்திருந்தால் ஒரு ஸ்பூன் சலவைச் சோடா போட்டுத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். கரி ஏறிய அடியை மெஷின் நீக்காது. அதைக் கையால் தேய்த்துவிட்டுத்தான் வைக்கவேண்டும்.

குக்கருக்குள் வைத்த பருப்புப் பாத்திரத்தில் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் காய்ந்திருக்கும். கண்ணுக்குப் படாது. விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, இருந்தால் நனைத்து வழித்துவிடுங்கள்.

நெய்யும் தேங்காயெண்ணெயும் குளிர்ந்த தண்ணீரில் உறைபவை. வடை பொரித்த கடாயில் மிச்ச எண்ணெயை வேறு பாத்திரத்துக்கு வடித்துவிட்டு, பழைய செய்தித்தாளால் உள்ளே ஒரு துடைப்பு துடையுங்கள். எண்ணெய் அதிகமாக உள்ளே போனால் சோப்பின் சக்தி முழுக்க அதற்கே செலவாகிவிடும். போதாக்குறைக்கு வெளியேற்றும் குழாயில் போய் உறைந்து, நாற்றம் வரும்.

சிலர் காலைப் பாத்திரத்தையும் மதியப் பாத்திரத்தையும் மெஷினுக்குள்ளேயே சேர்த்துவைத்து இரவு போடுவார்கள். நாங்களும் அப்படித்தான். அதற்கு ‘ப்ரீ ரின்ஸ்’ ப்ரோகிராம் உண்டு; சோப்பில்லாமல் கால் மணி நேரத்துக்குள் தண்ணீரை மட்டும் அடித்து நனைத்துவைக்கும். நம் ஊர் வெக்கையில் குழம்புத் தட்டு சீக்கிரம் நாறும், கரப்பானும் வரும். ஆகவே மதியம் ஒருமுறை அதை ஓட்டிவிடுவது நல்லது.

அடுக்குவது

ஒரே விதி: சுழலும் கையிலிருந்து கிளம்பும் தாரைக்கு ஒவ்வொரு பாத்திரத்தின் அழுக்குப் பக்கமும் தெரியவேண்டும். ஒன்றையொன்று மறைத்தால் மறைந்தது கழுவப்படாது.

கீழ் ராக்கில் தட்டுகளும் கனமான பாத்திரங்களும். நம் எவர்சில்வர் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பு நிமிர்ந்து நிற்கும். வெளிநாட்டுத் தட்டையான தட்டுக்காகச் செய்த கம்பிகளில் அடுத்தடுத்து வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு கம்பி விட்டு ஒரு கம்பியில் வையுங்கள். எண்ணிக்கை குறையும், பரவாயில்லை. சாப்பிட்ட பக்கம் நடுவைப் பார்த்திருக்கட்டும். கடாயும் குக்கர் பாத்திரமும் கவிழ்ந்து, கொஞ்சம் சாய்ந்து நிற்கட்டும். கம்பிகளை மடிக்க முடிகிற மெஷினாகப் பார்த்து வாங்கினால் நம் பெரிய பாத்திரங்களுக்கு வசதி.

மேல் ராக்கில் டம்ளர், டபரா, கிண்ணம், கோப்பை, பிளாஸ்டிக் டப்பா. எல்லாம் வாய் கீழே. டம்ளரின் அடியில் உள்வாங்கிய குழி இருந்தால் அதில் தண்ணீர் தேங்கும். ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்தால் வடிந்துவிடும். டபராவுக்குள் டபரா சொருகாதீர்கள். லேசான டப்பா மூடிகள் தாரையின் வேகத்தில் புரண்டு தண்ணீர் பிடித்துக்கொள்ளும், அவற்றைக் கம்பிக்கும் கனமான கிண்ணத்துக்கும் நடுவில் இடுக்கிவையுங்கள்.

குழம்புக் கரண்டியையும் ஜல்லிக் கரண்டியையும் மேல் ராக்கில் படுக்கவைக்கவேண்டும், குழிந்த பக்கம் கீழே. நிறுத்திவைத்தால் காம்பு கீழே நீண்டு சுழலும் கையைத் தடுக்கும். ஸ்பூன்களில் பாதி தலைகீழாக, பாதி நேராகக் கலந்து போட்டால் ஒன்றுக்குள் ஒன்று படியாது. கத்தி எப்போதும் கூர் கீழே.

கதவை மூடுவதற்கு முன் இரண்டு சோதனை. மேலும் கீழும் இருக்கும் சுழலும் கைகளை விரலால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள், எங்கும் இடிக்கக்கூடாது. அடுத்து, கதவின் உட்பக்கம் இருக்கும் சோப்புக் கிண்ணத்துக்கு எதிரே உயரமான தட்டோ தாம்பாளமோ நிற்கவேண்டாம். கிண்ணத்தின் மூடி பாதி திறந்து சிக்கிக்கொண்டால், அன்றைய கழுவல் முழுக்க வெறும் தண்ணீரில்தான்.

டிடர்ஜென்ட்

இப்போது சோப்புக்கு வரலாம். முதல் எச்சரிக்கை: சிங்க்கில் பயன்படுத்தும் திரவச் சோப்போ, துணித் தூளோ ஒரு சொட்டுகூட வேண்டாம். அவை நுரைக்கவே செய்தவை. மெஷினுக்குள் நுரை பெருகினால் பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கும், தாரை வலுவிழக்கும், கதவின் கீழே நுரை வழியும். தெரியாமல் போட்டுவிட்டால் நிறுத்துங்கள். கதவைத் திறந்து கையுறையோடு நுரையை அள்ளிக் கொட்டுங்கள். உள்ளே ஒரு கைப்பிடி உப்பு தூவினால் நுரை அடங்கும். தண்ணீரை வெளியேற்றும் ப்ரோகிராமை ஓட்டி, சோப்பில்லாமல் இரண்டு முறை அலசுங்கள்.

டிஷ்வாஷர் சோப்புக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் தெளிவாகும். சலவைச் சோடா போன்ற காரப்பொருள் கொழுப்பை உடைக்கிறது. இரண்டு நொதிகள்: ஒன்று பருப்பு, பால், முட்டை போன்ற புரதத்தையும், மற்றொன்று சோறு, மாவு போன்ற மாவுச்சத்தையும் துண்டாடும். சோடியம் பெர்கார்பனேட் என்னும் வெளுப்பான் டீக் கறை, காபிக் கறை, மஞ்சள் நிறம் ஆகியவற்றைச் சிதைக்கும். நுரைக்காத வகைச் சோப்புப்பொருள் கொஞ்சம். இதில் நொதிகள் 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அவற்றுக்கு நேரம் வேண்டும். வெளுப்பானுக்குச் சூடு கூடுதலாக வேண்டும். மூன்று மணி நேரம் ஓடும் ஈகோவில் காய்ந்த சோறு போவதும், 30 நிமிட விரைவு ப்ரோகிராமில் போகாததும் இதனால்தான்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆரத்தி சிவக்கிறது அல்லவா, அதே வேதியியல் மெஷினுக்குள்ளும் நடக்கிறது: காரம் பட்டதும் மஞ்சள் கறை செம்பழுப்பாகத் தெரியலாம். எவர்சில்வரிலும் பீங்கானிலும் கறை தங்காது. வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் ஊறிய மஞ்சள் தங்கும். அதை ஈரத்தோடு வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் அழியும். இரண்டு நாள் மொட்டைமாடி வெயில் எந்தச் சோப்பையும்விட நன்றாக வெளுக்கும்.

தூளா, டேப்லெட்டா? நம் சமையலுக்கு நான் தூளின் பக்கம். அழுக்கைப் பார்த்து அளவை மாற்றலாம். முழுச் சுமை, எண்ணெய்ப் பாத்திரங்கள் என்றால் கிண்ணத்தில் 25 கிராம். பாதிச் சுமை, வெறும் டிபன் தட்டுகள் என்றால் 15 போதும். அழுக்கு அதிகமான நாளில் மூடிய கிண்ணத்தைத் தவிரக் கதவின் உட்பக்கத்திலும் ஒரு டீஸ்பூன் தூவுங்கள். முதல் நனைப்பிலேயே எண்ணெயை அது தளர்த்திவைக்கும், உண்மையான கழுவலுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கும். தூள் ஈரம் பட்டால் கட்டியாகும், வெளுப்பானும் வலுவிழக்கும். இறுக மூடிய டப்பாவில், ஈரமில்லாத ஸ்பூனோடு வைத்திருங்கள்.

டேப்லெட்டில் அளக்கும் வேலை இல்லை. ஆனால் கரைய நேரமெடுக்கும். விரைவு ப்ரோகிராமில் பாதி டேப்லெட் அப்படியே கிடப்பதைப் பார்க்கலாம். மேலே பளபளவென்று இருக்கும் உறை தண்ணீரில் கரையக்கூடியது, பிரிக்கவேண்டாம். ஈரக் கையால் தொடவும் வேண்டாம். ஸ்பூன் கூடையில் போடாதீர்கள். முதல் நனைப்பிலேயே கரைந்து, அந்தத் தண்ணீரோடு வெளியே போய்விடும். கிண்ணத்துக்குள்தான் அது போகவேண்டும், கிண்ணமும் உலர்ந்திருக்கவேண்டும். ‘எல்லாம் ஒன்றில்’ என்று எழுதியிருந்தால் உப்பும், கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்டும் தேவையில்லை என்று அர்த்தம் செய்துகொள்கிறோம். அந்த டேப்லெட்டுகள் வழக்கமாக 21 டிகிரி, அதாவது ஏறத்தாழ 375 மில்லிகிராம் கடினத்தன்மைக்குள்தான் போதும். அதற்கு மேலான போர் தண்ணீருக்கு உப்பும் கண்டிப்பாகப் போடவேண்டும்.

ரின்ஸ் எய்ட் என்பது சோப்பு இல்லை. கடைசி அலசலில் சில மில்லி மட்டும் கலந்து, தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் வழுக்கி ஓடச்செய்யும். முத்து நிற்கும் இடத்தில்தான் காய்ந்தபின் வெள்ளைப் பொட்டு விழும். மெஷினில் அதன் அளவைக் காட்டும் எண் நடுவிலிருந்து தொடங்கட்டும். டம்ளரில் பொட்டு இருந்தால் ஒன்று கூட்டுங்கள். நீலம்பாரித்த கோடுகள் தெரிந்தால் ஒன்று குறையுங்கள்.

இந்தச் சோப்பு கடுமையான காரம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் டேப்லெட் மிட்டாய்போலத் தெரியும். உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். கதவை மூடுவதற்குச் சற்று முன்புதான் கிண்ணத்தில் போடுங்கள். குழந்தை வாயில் போட்டுவிட்டால் வாயைத் தண்ணீரால் துடைத்துக் கழுவி, சோப்பின் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மேலே வரும்போது காரம் தொண்டையை மறுபடி எரிக்கும்.

எந்த ப்ரோகிராம்

அன்றாடத்துக்கு ஈகோ. நேரம் அதிகம், மின்சாரமும் தண்ணீரும் குறைவு. ஒரு யூனிட்டை ஒட்டித்தான் ஆகும். இரவு போட்டுவிட்டுத் தூங்கினால் நேரம் ஒரு பொருட்டில்லை. கடாய், குக்கர் பாத்திரம் அதிகமுள்ள நாளில் 70 டிகிரி இன்டென்சிவ். இந்தியாவில் விற்கும் சில மெஷின்களில் கடாய்க்கென்றே ஒரு ப்ரோகிராம் இருக்கிறது. விரைவு ப்ரோகிராம் காபி டம்ளருக்கும், விருந்தாளி வந்த நேரத்துக்கும்.

வெளியே எடுத்தபின் கவனிக்கவேண்டியவை

முடிந்ததும் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து இருபது நிமிடம் விடுங்கள். சூட்டிலேயே எவர்சில்வரும் பீங்கானும் காய்ந்துவிடும். சூட்டைப் பிடித்துவைக்காத பிளாஸ்டிக் ஈரமாகத்தான் இருக்கும். கீழ் ராக்கை முதலில் காலி செய்யுங்கள். மேலே தேங்கிய தண்ணீர் கீழே காய்ந்த தட்டில் சொட்டாமலிருக்கும்.

வெள்ளை படிந்திருந்தால் சோப்பைக் கூட்டாதீர்கள். நான் செய்த தப்பு அது. ஒரு டம்ளரை எடுத்து எலுமிச்சைத் துண்டால் தேயுங்கள். மறைந்தால் அது காரை: உப்பறை காலியா, கடினத்தன்மை எண் சரியா என்று பாருங்கள். வெறும் தண்ணீரில் தடவினாலே போனால் அது கரையாத சோப்பு. அளவைக் குறையுங்கள் அல்லது ப்ரோகிராமை நீட்டுங்கள். நாக்கில் உப்புக் கரித்தால் உப்பறை மூடி சரியாகத் திருகப்படவில்லை. கண்ணாடியில் எதற்கும் போகாத மங்கல் இருந்தால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. தண்ணீர் அளவுக்கு மீறி மென்மையாகி, சோப்பும் அதிகமாகும்போது அப்படி ஆகும். அது திரும்பாது, மீதிக் கண்ணாடியையாவது காப்பாற்றலாம்.

எவர்சில்வரில் துருப்புள்ளி தெரிந்தால் பாத்திரத்தைச் சந்தேகிக்கும் முன் பக்கத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள். துருப்பிடித்த ஒரு கத்தியோ, ராக்கில் மேல்பூச்சு உரிந்த ஒரு கம்பியோ மற்றதற்கெல்லாம் துருவைப் பரப்பும்.

ஃபில்டரும் மற்றவையும்

கையேடுகள் எதைச் சொன்னாலும் தாளித்துக் கொட்டும் வீட்டில் ஃபில்டரை இரண்டு நாளுக்கு ஒருமுறை கழற்றவேண்டும். திருகி எடுத்து, குழாயடியில் பழைய டூத் பிரஷால் தேய்த்து, இறுக்கமாகத் திரும்பப் பூட்டுங்கள். தளர்வாக இருந்தால் அதன் ஓரத்து வழியாகவே குப்பை பம்புக்குப் போகும். மாதம் ஒருமுறை சுழலும் கைகளைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கடுகு சரியாக அந்தத் துளையின் அளவு. பல்குச்சியால் தள்ளிவிடலாம். கதவின் கீழ் விளிம்பில் தாரை படாது. அங்கே சேரும் பிசுக்கை ஈரத்துணியால் துடைக்கவேண்டும்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மெஷினைக் காலியாக வைத்து, எலுமிச்சை உப்பு என்று கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் நூறு கிராம் உள்ளே போட்டு, சோப்பில்லாமல் இருப்பதிலேயே சூடான ப்ரோகிராமில் ஓட்டுங்கள். ஹீட்டரிலும் குழாயிலும் படிந்த காரை கரையும். பிளீச்சிங் பவுடரோ குளோரின் திரவமோ ஒருபோதும் வேண்டாம். எவர்சில்வரை அரிக்கும், அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும்.

ஊருக்குப் போகும்போது ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து, தண்ணீர்க் குழாயை மூடி, கதவை இரண்டு விரல் அகலம் திறந்துவிட்டுப் போங்கள். மூடிவைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது பூஞ்சை வாடை வரவேற்கும். திரும்பி வந்த அன்று பாத்திரம் வைப்பதற்கு முன் வெறும் தண்ணீரில் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். நாட்கணக்கில் அடியில் நின்ற தண்ணீர் அதோடு வெளியே போய்விடும்.